வால்வு வாயில் சந்தனம்

பின்பக்கம் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டியை வைத்திருப்பவர் கையைப் பாருங்கள், முழங்கைக்குக் கீழே ஒரு சிராய்ப்பாவது இருக்கும். வெளி டயர் கண்ணெதிரே நிற்கும். உள் டயர் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அதற்குக் காற்றுப் பிடிக்கும் வால்வு இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்தில் கிடக்கும். கையை நுழைத்துத் துழாவ வேண்டும். அதனாலேயே எங்கள் பக்கம் பாதிப் பேர் உள் டயரைப் பார்ப்பதே இல்லை. இரும்புக் கம்பியால் வெளி டயரை 'டங்'கென்று ஒரு தட்டு தட்டிவிட்டு, "காத்து இருக்கு, போலாம்" என்று ஏறிவிடுவார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். ஆனால் அதை ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை.

வளைகுடாவில் இருபத்திரண்டு வருஷம் ட்ரெய்லர் ஓட்டிவிட்டு அறந்தாங்கிக்குத் திரும்பியபோது என் மனைவிக்கு முதுகுத்தண்டு தேய்ந்திருந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் அவளால் உட்கார முடியாது. மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் குடித்தனம் நடத்துகிற வீட்டைப் பெற்றவள் செல்போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். "அந்த அடுப்படி ஜன்னல் எந்தப் பக்கம் பாத்து இருக்கு?" என்று என்னிடம் கேட்பாள். நான் இரண்டு தடவை போய்வந்தவன், எனக்குத் தெரியாது. கவனித்தால்தானே!

படுக்க வைத்தே கூட்டிப்போய்விடுவது என்று முடிவு செய்தேன். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள பழைய வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிப்போட்டு, கட்டில், மெத்தை, ஃபேன், சின்னதாக ஒரு அடுப்பு என்று ஒரு வீட்டையே உள்ளே கட்டினேன். அவள் சுற்றிப் பார்த்தாள். "வாரேன். ஆனா வழியில ஏதாச்சும் ஆச்சுன்னா அதோட சரி. அப்பறம் என்னைய எங்கயும் கூப்புடக் கூடாது" என்றாள். சொன்னால் சொன்னதுதான், மாற மாட்டாள். எனக்குக் கிடைத்தது அந்த ஒரு பயணம்தான்.

உள் டயர் விஷயத்துக்கு வழி சொன்னது எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடைக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். இரண்டு பக்கமும் உள் வால்வோடு ஒரு நீளக் குழாயை மாட்டி, அதன் வாயை வெளிச் சக்கரத்தின் ஓட்டை வழியாக வெளியே கொண்டுவந்து நிறுத்தினார். எக்ஸ்டென்ஷன் என்பார்கள். இனிமேல் நின்றபடியே காற்றைப் பார்க்கலாம். "அண்ணே, மூடி இல்லாம மட்டும் ஓட்டாதீங்க. தூசி போச்சுன்னா வால்வுக்குள்ள இருக்குற பின்னு மூடாது, காத்து கசியும்" என்றார். "ஏப்பா, ட்ரெய்லர்ல எத்தன சக்கரம்னு தெரியுமா ஒனக்கு? எனக்கே பாடமா?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தார்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. வளைகுடாவில் கம்பெனி யார்டில் வண்டிக்கு ஒரு பொட்டு வைக்க முடிந்ததில்லை. அதனால் எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்திரண்டு வருஷத்துப் பொட்டையும் ஒரே நாளில் வைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்டியரிங், கண்ணாடி, நட்டு, போல்ட் ஒன்றையும் விடவில்லை. வெளியே நீட்டிக்கொண்டு பளபளவென்று நின்ற அந்த இரண்டு வால்வு வாயிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். கழுவுவதற்காகக் கழற்றிய மூடிகள் இரண்டும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் கிடந்தன. தண்ணீரோடு சேர்த்து அவற்றைச் சாக்கடையில் கொட்டியதுகூட எனக்குத் தெரியாது.

விஜயதசமிக்கு மூன்றாம் நாள் காலையில் கிளம்பினோம். அன்றைக்குப் பார்த்து எனக்குப் பொறுப்பு வந்துவிட்டது. காய்ந்த சந்தனத்தை விரலால் தட்டிவிட்டு, காற்றின் அளவு காட்டும் கேஜை வால்வில் அமுக்கிப் பார்த்தேன். காற்று சரியாக இருந்தது. மூடி எங்கே என்ற யோசனையே வரவில்லை.

புதுக்கோட்டை தாண்டியதும் பின்னாலிருந்து குரல் வந்தது. "என்னங்க, வலது பக்கம் அமுங்குற மாதிரி இருக்கு."

"ரோடு அப்புடி."

கொஞ்ச தூரம் போனதும், "இல்லைங்க, ஆடுது. முதுகுல தெரியுது" என்றாள்.

"கட்டில் புதுசு. பழகிரும்."

மூன்றாவது தடவையும் சொன்னாள். எனக்குக் கோபம் எப்போதும் மூக்குநுனியில் தயாராக இருக்கும். "இருவத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டுனவன் நான். படுத்துக் கெடக்குறவளுக்கு என்ன தெரியும்?" என்று கத்தினேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு. அதை இப்போது எழுதும்போதே கூசுகிறது.

நார்த்தாமலைப் பிரிவுக்கு முன்னால் ரப்பர் கருகும் வாடை வந்தது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தேன். வலது பக்கம் உள் டயரில் பொட்டுக் காற்றில்லை. பாரத்தையெல்லாம் ஒற்றையாளாகச் சுமந்த வெளி டயர் கை வைக்க முடியாமல் கொதித்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் அதுவும் வெடித்திருக்கும். உள்ளே ஒருத்தி மல்லாந்து படுத்திருக்கிறாள்.

பயந்துபோன ஆளுக்கு யாரையாவது திட்டியாக வேண்டுமே! பஞ்சர் கடைக்காரருக்குப் போன் போட்டு வெளுத்து வாங்கினேன். ஓட்டைக் குழாயை மாட்டி என் குடும்பத்தையே கொல்லப் பார்த்தாய் என்றேன். "எதையும் தொடாதீங்கண்ணே, வாரேன்" என்றார். ஒன்றரை மணி நேரத்தில், ஐம்பது கிலோமீட்டர் பைக்கை விரட்டிக்கொண்டு வந்து நின்றார்.

ஜாக்கி போட்டு இரண்டு டயரையும் இறக்கினார். குழாயின் வாயிலிருந்து வால்வு பின்னைத் திருகி எடுத்தார். பின்னைச் சுற்றி மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி, மோந்து பார்த்து, உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"சந்தனம்ணே. கேஜ் வச்சு அமுக்குனப்ப உள்ள போயிருக்கு. சாமிக்கு வைக்கிறதக் கொண்டுபோய்க் காத்துக்கு வச்சிட்டீங்க."

என் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த பக்கம் இருந்த வால்வையும் அவர் சுத்தம் செய்து, இரண்டுக்கும் புதுப் பின்னும் மூடியும் போட்டார். நசுங்கிப்போன உள் டயருக்குப் பதிலாக ஸ்டெப்னியை மாட்டினார், ஆறியிருந்த வெளி டயரைத் தடவிப் பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்றார். நான் வேனுக்குள் ஏறி அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டுக் கொடுத்தேன். "தப்பு என்னுதுதாம்ப்பா" என்று அவர் பாதி டீ குடித்த பிறகுதான் வாயில் வந்தது. "விடுங்கண்ணே, பதட்டத்துல பேசுறதுதானே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். வழியில் ஏதாவது ஆனால் அதோடு சரி என்று அவள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. நானே முந்திக்கொண்டேன். "வண்டியத் திருப்பிரவா?"

அவள் கூரையைப் பார்த்தபடியே பேசினாள். "டயர் போனதுக்கு நான் ஒண்ணும் நெனைக்கல. மூணு தடவ சொன்னேன். நீங்க அங்கிட்டு இருந்தப்பயும் இப்புடித்தான். போன்ல எதையாச்சும் சொல்ல ஆரம்பிச்சா, 'சரி சரி, வையி'ம்பீங்க. முதுகு வலிக்குதுன்னு எத்தன வருஷம் சொல்லியிருப்பேன்?"

கண் கலங்கிவிட்டது. அவள் பார்க்காமலிருக்கத் திரும்பிக்கொண்டேன்.

"இனிமே சொன்னா நிப்பாட்டுவீங்களா?"

"நிப்பாட்டுறேன்."

"அப்ப எடுங்க. பிள்ள சோறாக்கி வச்சிக்கிட்டுக் காத்திருக்கும்."

திருச்சி தாண்டி, கரூர் போகிற சாலையில் மத்தியான வெயில் பளீரென்று அடித்தது. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. "என்னங்க, நிப்பாட்டுங்க" என்று சத்தம் கேட்டது.

நிறுத்தினேன். குதித்து இறங்கி, கம்பியை எடுத்துப் பின்பக்கத்து நான்கு டயரையும் தட்டினேன். கேஜை வைத்துப் பார்த்தேன், மூடியைத் திருகினேன், குனிந்து சந்தில் கையைவிட்டுத் தடவினேன். எல்லாம் சரியாக இருந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தேன்.

"ஒண்ணும் இல்லையே. என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நிப்பாட்டுறீங்களான்னு பாத்தேன்" என்றாள்.

கோயம்புத்தூர் போய்ச் சேர்வதற்குள் இன்னும் இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் நிறுத்தி இறங்கினேன்.