அண்ணியின் கடையில் எனக்கு வேலை போனது

என் அண்ணிக்குத் தையல்கடை. எனக்குத் தையல் வராது. ஆனாலும் பல வருடங்கள் அந்தக் கடையில் துணி வெட்டியவள் நான்தான். காரணம், அண்ணிக்கு வலிப்பு.

மாத்திரைகளை மாற்றிப் பார்த்தார்கள், இரண்டு மூன்றாகச் சேர்த்தும் பார்த்தார்கள். எதற்கும் அது மசியவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வரும். கையில் பெரிய கத்தரிக்கோல் இருக்கும்போது வந்தால் என்ன ஆவது? அதனால் என் அண்ணன் ஒரு சட்டம் போட்டான். அண்ணி கோடு போட வேண்டும், நான் வெட்ட வேண்டும். கடையில் அவரை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக்கூடாது.

நான் வெட்டியதில் ஒருவருடைய கால்சட்டைக்கு ஒரு கால் குட்டையாகிவிட்டது. "கத்தரி சரியில்ல அண்ணி" என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்த மனுஷனுக்கு நீயே பதில் சொல்லு."

அவர் வந்து போட்டுப் பார்த்தார். "சார், கொஞ்சம் நேரா நில்லுங்க" என்று அவரையே அதட்டினேன். பாவம், ஒரு பக்கம் சாய்ந்தபடியே நடந்து போனார்.

அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் நான் வெட்டும்போதெல்லாம் அவர் விரல்கள் தாமாக அசையும். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. அவருக்கு இருந்தது ஒரே ஆசைதான். கடையில் தனியாக நின்று தன் கையால் துணி வெட்ட வேண்டும்.

அதைத்தான் வலிப்புக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடமும் சொன்னார். அவர் பொறுமையாக விளக்கினார். "மூளைக்குள்ள ஆழமா மெல்லிசான கம்பி வைப்போம். நெஞ்சுல, தோலுக்கு அடியில ஒரு சின்னப் பெட்டி. அதுலேருந்து லேசா மின்சாரம் போய்க்கிட்டே இருக்கும். வலிப்பு சுத்தமா நின்னுடும்னு சொல்ல மாட்டேன். குறையும். மாத்திரையையும் விடக்கூடாது. பலன் தெரிய மாசக்கணக்காகும்."

அண்ணன் நகத்தைக் கடித்தான். அண்ணியோ, "முடியை மட்டும் நேரா வெட்டுங்க டாக்டர். எங்க நாத்தனாரைக் கூப்பிட்டுடாதீங்க" என்றார்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மாதங்கள் போகப் போக வலிப்பு குறைந்தது. "வெட்டலாம், ஆனா பக்கத்துல ஆள் இருக்கணும்" என்று டாக்டரம்மா சொன்ன அன்றே அண்ணி வெட்டுமேசைக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். சட்டைத் துணி, பாவாடைத் துணி எதையும் விட்டுவைக்கவில்லை. ஜன்னல் திரையைக் காப்பாற்ற நான்தான் குறுக்கே நிற்க வேண்டியிருந்தது.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது. மறுபடியும் வலிப்பு வந்தது, மேசைமேல் சாய்ந்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, துணி மட்டும்தான் கிழிந்தது. அடுத்த வாரமும் வந்தது. அண்ணி அழுது அன்றுதான் பார்த்தேன். "அவ்வளவுதானாடி?" என்று கேட்டார். அவரை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம்.

டாக்டரம்மா ஒரு கருவியை அவர் நெஞ்சருகே வைத்துப் பார்த்தார். "பெட்டி அணைஞ்சு கிடக்கே!"

"வேற பெட்டி வைங்க டாக்டர்" என்று அண்ணன் குதித்தான்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. காந்தம் ஏதாவது பக்கத்துல வந்துச்சா?"

"காந்தத்துக்கும் எனக்கும் என்ன டாக்டர்?" என்றார் அண்ணி.

டாக்டரம்மா கருவியை எடுக்கக் குனிந்தார். அவர் கையிலிருந்த காகிதத்தின் கிளிப் எகிறிப் போய் அண்ணியின் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. அண்ணி கழுத்துக் கயிற்றை மெல்ல வெளியே இழுத்தார். நுனியில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம். வெட்டுமேசைக்கு வந்த நாளிலிருந்து, கீழே விழும் குண்டூசிகளைக் குனியாமல் பொறுக்க அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"இதுவா? இது ஊசி பொறுக்குறது டாக்டர்!"

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவர்தான் முதலில் சிரித்தார். நாங்கள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள்.

பெட்டி மறுபடி உயிர்பெற்றது. காந்தத்தை அன்றே பக்கத்துக் கடை மெக்கானிக்கிடம் தள்ளிவிட்டோம். இனி குண்டூசி விழுந்தால் குனிந்து பொறுக்குவது என் வேலை. வலிப்பு பழையபடி குறைந்து, பிறகு வருவதே அபூர்வமானது. நீண்ட நாள் பார்த்த பிறகு டாக்டரம்மா, "இனிமே தனியா நின்னு வெட்டலாம்" என்றார்.

மறுநாள் காலையில் நான் வழக்கம்போலக் கடைக்குப் போனேன். அண்ணி வாசலிலேயே மறித்தார்.

"நீ எதுக்கு வந்தே?"

"பின்னே?"

"வேலையிலேருந்து உன்னைத் தூக்கியாச்சு. போ, உனக்குப் பிடிச்சதைச் செய்."

எனக்கு என்ன பிடிக்கும் என்றே மறந்துபோயிருந்தது. தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்றேன். கண்ணாடிக்குள்ளே அண்ணி துணியை விரித்தார், கோடு போட்டார், வெட்டத் தொடங்கினார். முன்பெல்லாம் நான் அங்கே இருக்கிறேனா என்று நொடிக்கொரு முறை நிமிர்ந்து பார்ப்பார். அன்று வெகுநேரம் நின்றேன். ஒரு தடவைகூட அவர் நிமிரவில்லை. தெரு என்றும் பார்க்காமல் அழுதேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு.