காணாமல் போன பச்சைப் பட்டன்

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் பயந்த மாதிரி என் ஜென்மத்தில் நான் பயந்ததில்லை. பாம்பைப் பார்த்தால்கூட ஓர் அலறலோடு விஷயம் முடிந்துவிடும். இந்தப் பயமோ பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

நான் இந்த மலையாள தேசத்து யுனிவர்சிட்டியில் வெப்சைட் பிரிவில் குப்பை கொட்டுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே ஒவ்வொரு துறைக்கும் தனி வெப்சைட். ஆனால் தலைப்பு, மெனு, பட்டன்களின் நிறம் எல்லாம் ஒரே இடத்திலிருந்து போகின்றன. டெம்ப்ளேட் என்று பெயர். நாங்கள் ஒன்றை மாற்றினால் அத்தனை வெப்சைட்டும் மாறும். சௌகரியம்தான். நாங்கள் தப்புப் பண்ணினாலும் அதே சௌகரியத்தோடு எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும்!

புது டெம்ப்ளேட்டைப் பதினொரு மணிக்கு அனுப்புவதாகத் திட்டம். கழக்கூட்டம் ஜங்ஷன் டிராஃபிக்கில் நீந்தி வந்து சேர்ந்த பிந்து — என்னோடு வேலை பார்க்கும் மலையாளப் பெண், மகா கெட்டிக்காரி — மவுஸ் மேல் கையை வைத்தாள். வைத்த கையை எடுத்துவிட்டாள்.

"சேச்சி, இன்னு வெள்ளியாழ்ச்சயல்லே? ராகுகாலம் கழியட்டே."

கழியட்டும், பன்னிரண்டுக்கு மேல் அனுப்பலாம் என்றேன். வேறென்ன சொல்வேன்? நானும் ஸ்ரீவராகம் அக்ரஹாரத்தில் பிறந்து வளர்ந்தவளாயிற்றே! பன்னிரண்டு அடித்தது. அனுப்பினோம்.

அப்போது எங்களுக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அட்மிஷன் பிரிவில் சுகுமாரன் சாரும் அதே ராகு காலம் முடியத்தான் காத்திருந்தார். யாருக்கு எந்த ஸீட் என்று காட்டும் எம்.எஸ்ஸி. அலாட்மென்ட் பக்கத்தைப் பழைய டெம்ப்ளேட்டில் நன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு அடித்ததும் அவரும் வெளியிட்டார். நாங்கள் பதினொன்றுக்கே அனுப்பியிருந்தால், எங்கள் டெம்ப்ளேட்டில் இருந்த கோளாறு, சோதிக்கும்போதே அவர் கண்ணில் பட்டிருக்கும்.

போன் அடித்தது. ரேவதி. எங்கள் அடுத்த வீட்டுப் பெண்.

"மாமி, எனக்கு ஃபிசிக்ஸ் கிடைச்சிருக்கு! ஆனா சம்மதம்னு அழுத்தற பட்டனைக் காணலையே?"

"நன்னா பாருடி. பச்சையா இருக்கும்."

"வெறும் வெள்ளைதான் இருக்கு மாமி. அஞ்சு மணிக்குள்ள அழுத்தலைன்னா ஸீட் அடுத்தவாளுக்குப் போயிடுமாம்."

என் கம்ப்யூட்டரில் பார்த்தேன். பட்டன் ஜம்மென்று இருந்தது. கம்ப்யூட்டர் பழைய டெம்ப்ளேட்டைச் சேமித்து வைத்து, அதையே எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது. பிந்து தன் போனில் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ சேச்சி... பட்டன் அவிடத்தன்னே உண்டு. வெள்ளைல வெள்ளை. காணான் பற்றில்ல."

புது டெம்ப்ளேட் பட்டனையும் வெள்ளையாக்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன, அந்த இடத்தைத் தொடச் சொல்லலாமே? வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, பிந்து என் கையைப் பிடித்தாள். அங்கே பட்டன் ஒன்றில்லை, இரண்டு. 'சம்மதம்', 'வேண்டாம்'. எது மேலே வரும், எது கீழே வரும் என்பது போனுக்குப் போன் மாறும். 'வேண்டாம்' மேல் விரல் பட்டால் ஸீட் அங்கேயே போச்சு.

"ரேவதி, எதையும் தொடாதே! போனைக் கீழே வை!"

நான் கத்தியதில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். இவள் என்னைக் கூப்பிட்டாள். கூப்பிட ஒரு மாமி இல்லாத பிள்ளைகள் எந்தெந்த ஊரில் உட்கார்ந்து அந்த வெள்ளையைத் தடவிக்கொண்டிருக்கிறார்களோ! பக்கத்தை மூடச் சொல்லலாம் என்று சுகுமாரன் சாரைக் கூப்பிட்டால், அவர் ஊணு கழிக்கக் கேன்டீனுக்குப் போயிருந்தார்.

பழைய டெம்ப்ளேட்டைத் திரும்பப் போட்டோம். ரேவதிக்கு அப்போதும் வெள்ளைதான். அவள் போன் புதியதைச் சேமித்து வைத்துக்கொண்டு, இனி உன்னிடம் கேட்க மாட்டேன் என்று அடம் பிடித்தது.

"பேரு மாத்தி விடலாம் சேச்சி," என்றாள் பிந்து. "வேற பேரு கண்டா, புதுசுன்னு நினைச்சு போன் தானே வந்து எடுக்கும்."

பழைய டெம்ப்ளேட்டுக்குப் புதுப் பெயர். எந்நேரமும் படபடவென்று தட்டுகிற பெண், அந்தப் பெயரை அடித்து அடித்து அழித்தாள். நான் நகத்தைக் கடித்தேன். ஒருவழியாக அனுப்பினோம்.

"மாமி, வந்துடுத்து! பச்சை!"

"அழுத்துடி!"

'அம்மா, இங்கே ஓடி வாயேன்!' என்று அவள் கத்துவது போனில் கேட்டது.

"என்னடி ஆச்சு?"

"பயமா இருந்தது மாமி... அம்மாவை அழுத்தச் சொன்னேன். ஆயிடுத்து."

நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல்.

சாப்பிட்டுவிட்டு வந்த சுகுமாரன் சாரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் கம்ப்யூட்டருக்கு ஓடினார். இடைப்பட்ட நேரத்தில் யாராவது 'வேண்டாம்' அழுத்தியிருக்கிறார்களா என்று தேடினார். அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் இருவரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஒராளும் தொட்டிட்டில்ல மேடம். குட்டிகள் பயந்துபோயி."

ஒருத்தர்கூடத் தொடவில்லை! பயப்படாதே, பயப்படாதே என்று சொல்லித்தானே பிள்ளைகளை வளர்க்கிறோம்? அன்று அத்தனை பேரையும் காப்பாற்றியது அந்தப் பயம்தான். எங்களுக்கும் பயம் இருந்தது... ராகுவிடம் மட்டும். அட்மிஷன் பிரிவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்காவிட்டால் என்ன ஆகுமோ என்கிற பயம் இல்லை.

இனி எந்த மாற்றமும் முதலில் எங்கள் சொந்தப் பக்கத்துக்கு மட்டும் போகும். நாலைந்து போன்களில் பார்த்த பிறகே மற்றவர்களுக்கு. அதற்கும் முன்னால் சுகுமாரன் சாருக்கு ஒரு போன்.

நேரத்தையும் மாற்றிவிட்டோம். இனி எங்கள் அப்டேட் எல்லாம் ராகு காலத்தில்தான் — அப்போதுதானே இந்த யுனிவர்சிட்டியில் வேறு யாரும் எதையும் தொடமாட்டார்கள்!