அறாத வார்

அந்தத் தெருவில் செருப்புக் கடைக்காரருக்கு இருந்த பெருமை ஒன்றே ஒன்றுதான்: அவர் தைத்த வார் அறாது. அவருக்கு இருந்த அவமானமும் ஒன்றே ஒன்றுதான்: அவருடைய மனைவி.

தங்கமான பெண்மணி, அதில் சந்தேகமில்லை. ஆனால் பேருந்து நிறுத்தத்தில், பள்ளி வாசலில், நட்டநடுத் தெருவில் சட்டென்று குந்திக்கொண்டு செருப்பு வாரை நோண்ட ஆரம்பித்துவிடுவார். ஐந்து நிமிடம் ஆகும். போகிற வருகிறவர்கள், "கடைக்காரர் வீட்டுச் செருப்பே இந்த லட்சணமா?" என்று சிரிப்பார்கள். கல்யாணமான பதினோரு வருடத்தில் ஒன்பது ஜோடி தைத்துக் கொடுத்துவிட்டார் மனிதர். ஒவ்வொன்றையும் கழற்றி இழுத்துப் பார்ப்பார். யானையைக் கட்டினாலும் தாங்கும்.

"எதுலதான் இருக்கு கோளாறு?"

"உங்க கண்ணுல."

அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

மகளுக்கு ஒன்பது வயது. பள்ளி ஓட்டப்பந்தயத்தில் விசில் ஊதியதும் கிளம்பியவள், நாலே அடியில் கால் பின்னித் தள்ளாடி உட்கார்ந்துவிட்டாள். இது மூன்றாவது தடவை. "தோத்துடுவோம்னு நடிக்கிறா" என்றார் ஆசிரியை. கடைக்காரரும் வீட்டுக்கு வந்து அதையே சொன்னார்.

"நான் நடிக்கலப்பா. ஒருத்தராவது நம்புங்க."

ஊசி குத்திக் குத்தி மரத்துப்போன மனிதருக்கு அது குத்தியது. மறுவாரம் மூவரும் நரம்பு மருத்துவர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

டாக்டரம்மா காகிதத்தில் ஒரு கோடு கிழித்து, அதில் சின்னச் சின்ன வாசல்கள் போட்டார். "நரம்பு ஒரு சேதி சொன்னதும் அடங்கணும். அதுக்குப் பொட்டாசியம் இந்த வாசல் வழியா வெளிய போகணும். வாசலைக் கட்டித் தர்றது ஒரு மரபணு. அதுல பிழை இருந்தா வாசல் சரியாத் திறக்காது, நரம்பு வாய் ஓயாம பேசிட்டே இருக்கும். திடுக்குன்னு எந்திரிச்சா, பயந்தா, கொஞ்ச நேரம் தள்ளாடும். அதுவா இருக்கலாம்; ரத்தம் பாத்துத்தான் சொல்லணும். பெரும்பாலும் பெத்தவங்ககிட்டேர்ந்து வரும். உங்கள்ல யாருக்காவது?"

"சேச்சே, எங்க ரெண்டு பேருக்கும் இல்ல" என்றார் கடைக்காரர்.

டாக்டரம்மா அவரைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த மனைவியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை சும்மாதான் இருந்தது. விரல்கள் மட்டும் மெல்லத் துடித்துக்கொண்டிருந்தன. "டைப் அடிக்கிறியா?" என்று கடைக்காரர் கேலி செய்கிற அதே விரல்கள்.

மனைவி மகளைப் பார்த்தார். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு இருக்கு. சின்ன வயசுலேர்ந்து. தள்ளாடினா, குடிச்சிருக்கேன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். அதான் வார் கழண்ட மாதிரி உக்காந்துடுவேன்."

மகள் வாயைப் பிளந்தாள். "அப்ப நடிச்சது நீயாம்மா?"

"ஒன்பது ஜோடி..." என்றார் கடைக்காரர்.

ரத்தப் பரிசோதனை அம்மாவுக்கும் மகளுக்கும் அதையே சொன்னது. மாத்திரையில் தள்ளாட்டம் குறைந்தது. ஆசிரியைக்கு டாக்டரம்மாவின் கடிதம் போனது. தெருவுக்குச் சொல்லத்தான் மனைவிக்கு இன்னும் மனம் வரவில்லை.

போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் ஒரு லாரி காது கிழிய ஹாரன் அடித்தது. மனைவியின் கால் தடுமாறியது. அவர் குந்துவதற்குள் கடைக்காரர் தாங்கிப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்து, தான் தரையில் குந்தி வாரை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"என்னண்ணே, இன்னும் உங்க வார் நிக்கலையா?" என்றார் எதிர்க்கடைத் தையல்காரர்.

"என்ன பண்றது தம்பி, தையல் மட்டம். தைச்சது நான்தானே."

அவிழ்த்தார், மாட்டினார், மறுபடி அவிழ்த்தார். ஐந்து நிமிடம் முழுசாக எடுத்துக்கொண்டார்.