பெயர் மாற்ற நோட்டீஸ்

கைலாசபுரத்தில் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்த வருஷங்களில் நான் ஒரு வீட்டுத் தரகரிடம் வேலை பார்த்தேன். வெளியூரிலிருந்து வந்தவர்கள் வீடு கேட்டபடி இருந்தார்கள். யார் விற்கக்கூடும் என்று கண்டுபிடிப்பது என் பொறுப்பு.

உரிமையாளர் இறந்து வீட்டு வரி வாரிசு பெயருக்கு மாறும்போது, ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கச் சொல்லி நகராட்சிப் பலகையில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவேன். புத்தூரில் ஒரு அறையில் தனியாக இருந்தேன். தரகரைத் தவிர யாரோடும் பேசாத நாட்கள் உண்டு.

ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு மனைவி பெயரிலிருந்து கணவர் பெயருக்கு மாறியிருந்தது. கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும்.

"வீட்டைக் கொடுக்கிற உத்தேசம் இருக்குங்களா?"

"ஆத்துக்காரி காலமானது உமக்கு யார் சொன்னா?"

"நோட்டீஸ் போர்டுல பார்த்தேங்க."

அவர் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். "கல்கத்தாவுல அவ தம்பி இருக்கான். அவனுக்கே நான் இன்னும் எழுதலை. உள்ளே வாரும்."

மேஜைமேல் ஏழெட்டுத் தபால் கார்டுகள் கிடந்தன. எல்லாமே 'அநேக ஆசீர்வாதம்' என்ற இடத்தில் நின்றுபோயிருந்தன. மூன்று மாதமாக முயன்றாராம்.

"நான் சொல்லச் சொல்ல எழுதித் தருவீரா?"

உட்கார்ந்தேன். அவர் 'அநேக ஆசீர்வாதம்' வரை சொல்லி அங்கேயே நிறுத்திவிட்டார். கடைசியில் நானே எழுதினேன்: உங்கள் அக்கா ஆவணி மாதம் காலமாகிவிட்டார். அத்திம்பேர் தனியாக இருக்கிறார். உடனே வரவும்.

படித்துக் காட்டினேன். சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுதார். எத்தனையோ சாவுகளை நோட்டில் எழுதியிருக்கிறேன். ஒருவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

தம்பி வந்தார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கத்தினார். பிறகு அத்திம்பேரைத் தன்னோடு அழைத்துப் போவதாகச் சொன்னார். வீட்டை நாங்களே ஒரு இன்ஜினியருக்கு முடித்துக் கொடுத்தோம். தரகருக்குச் சந்தோஷம். அவர்களை ரயிலேற்ற நான் ஒருவன்தான் போனேன்.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் எடுத்தவுடன் விற்பனையைப் பேச வாய் வரவில்லை. "கேள்விப்பட்டேங்க, வருத்தமா இருக்கு" என்றுதான் தொடங்கினேன். தரகன் தந்திரம் என்று சிலர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். அவர்கள் நினைத்தது முழுக்கத் தப்பென்று என்னாலும் சொல்ல முடியவில்லை.