கருப்பையாவின் கடிதமும் என் சிவப்புப் பென்சிலும்

இந்த வாரப் பத்தியை என் மாணவர்கள் யாரும் வாசிக்காமல் இருந்தால் நல்லது.

பதுளையில் நான் ஆங்கில வாத்தியார் என்பது உங்களுக்குத் தெரியும். நீட்டு நீட்டான வாக்கியங்களைக் கொடுத்து, வினைச்சொல் எது, முதன்மை வாக்கியம் எது, அதில் தொங்கும் சார்பு வாக்கியங்கள் எவை என்று பிள்ளைகளைப் பிரிக்க வைப்பதுதான் என் பிழைப்பு.

போன ஞாயிறு காலை, தேயிலைத் தோட்டத்திலிருந்து கருப்பையா என்பவர் பஸ் ஏறி வந்தார். கையில் ஓர் ஆங்கிலக் கடிதம்... அவருடைய பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு வந்த பதில்.

"என்னா எழுதியிருக்காங்கன்னு பாருங்க ஐயா."

பார்த்தேன். பதினொரு வரி. ஒரே வாக்கியம்! நடுவில் ஓர் 'அன்லெஸ்', அதன் வயிற்றுக்குள் ஒரு 'விச்'. எனக்குக் கை சும்மா இருக்குமா? சிவப்புப் பென்சிலை எடுத்தேன். வினைச்சொற்களுக்கு அடிக்கோடு, சார்பு வாக்கியங்களுக்கு அடைப்புக்குறி. மொத்தம் ஏழு தேறியது. பரம திருப்தி.

"நல்ல சேதிங்களா, கெட்ட சேதிங்களா?"

எனக்குத் தெரியவில்லை. பிரித்தேனே தவிர, விஷயத்தை எங்கே வாசித்தேன்?

மனைவி எட்டிப் பார்த்தாள். "அந்த மனுசன் நிண்டபடி நிக்கிறார். அது அவரின்ர கடிதமெல்லோ, பள்ளிக்கூடக் கொப்பியே?"

அவரை உட்காரச் சொல்லிவிட்டு வாசித்தேன். வியாழக்கிழமை பதுளையில் விசாரணை. வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. வரும்போது இதே கடிதத்தைக் கொண்டுவர வேண்டும்.

அவசரமாக அந்தக் கோடுகளை அழிறப்பரால் தேய்த்தேன். சிவப்பு இன்னும் பரவியதுதான் மிச்சம்.

வியாழன் லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். பிரஜாவுரிமைக் கந்தோரில் இருந்த கிளார்க் யாழ்ப்பாணத்துக்காரர். கடிதத்தை விரித்ததும் முகம் கறுத்தது. கோடு போட்டது நான்தான், ஆங்கில வாத்தியார் என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "மாஸ்டர், இது நான் எழுதினது. எத்தினை பிழை?"

"பிழை ஒண்டுமில்லை. கொஞ்சம் நீளம்."

மனிதருக்கு மூச்சு வந்தது. எனக்கும்தான். விசாரணை நடந்தது. முடிவு தபாலில் வருமாம்.

வெளியே வந்ததும் கருப்பையா கேட்டார். "அதுவும் இங்கிலீசுலதான் வருங்களா?"

"ஓம்."

"அப்ப மொதல்ல சேதியச் சொல்லிடுங்க ஐயா. கோடு அப்புறமா போட்டுக்கலாம்."

வெட்கமாகப் போய்விட்டது. பிறந்த மண்ணில் அவர் இருக்கலாமா, கூடாதா என்று சொல்லப்போகிற கடிதமல்லவா அது?