செபாஸ்தியம்மாள் போட்ட பொத்தான்

ஐம்பத்தெட்டாம் வருஷம் திண்டுக்கல் பள்ளிக்கூடத்துப் பையன்களின் மானம் அரைஞாண் கயிற்றில்தான் இருந்தது. கால்சட்டை இடுப்பைச் சுருட்டிக் கயிற்றுக்குள் செருகிக்கொள்வார்கள். பொத்தான்களையெல்லாம் கோலிக்குண்டு ஆட்டத்தில் பந்தயம் வைத்துத் தோற்றிருப்பார்கள். ஆனால் எந்த அம்மாவும் மகனைத் திட்டமாட்டாள், தைத்தவரைத்தான் திட்டுவாள். எனக்கு அது இன்றைக்கும் அநியாயமாகவே படுகிறது.

அந்தத் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டவள் செபாஸ்தியம்மாள். புருஷன் செத்தபின் அவருடைய தையல் மிஷினில் உட்கார்ந்தவள். "ரவிக்கை தைக்கிறவளுக்கு டவுசர் எதுக்கு?" என்று கடைத்தெருவே சிரித்தது. அப்படியிருக்க, டிரில் வாத்தியார் ராயப்பராஜ் ஆண்டு விழா அணிவகுப்புக்குப் பையன்களுக்கு நாற்பதும் தனக்கு ஒன்றுமாகக் காக்கிக் கால்சட்டை தைக்கும் வேலையை அவளிடம் கொடுத்தார். கூடவே, "ஒரு பொத்தான் விழுந்தாலும் அடுத்த வருசம் வேலை டெய்லர் சூசைமுத்து கடைக்குப் போயிரும்" என்று மிரட்டியும் வைத்தார்.

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சாதா நூலை ஓரங்கட்டிவிட்டு, செருப்புத் தைக்கிற மெழுகு நூலை வாங்கி வந்து பொத்தான் கட்டினாள். காஜாவையும் சின்னதாகப் போட்டாள். பொத்தானை நுழைக்கவே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

விழாவில் ஒரு பொத்தான்கூட விழவில்லை. வம்பு என்னவென்றால், கழற்றவும் முடியவில்லை. அணிவகுப்பு முடிந்ததும் நாற்பது பேரும் வேலியோரம் ஓடினார்கள். இழுத்தார்கள், குதித்தார்கள், பாதிப் பேர் நனைந்தே திரும்பினார்கள். மூன்றாம் வகுப்பு ஒச்சப்பன் கொடிக்கம்பத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான்.

அரை மணி நேரத்தில் ராயப்பராஜ் அவள் வாசலில் நின்றார்.

"ஏம்மா, இது டவுசரா, பூட்டா? அடுத்த வருசம் சூசைமுத்துதான், சொல்லிட்டேன்!"

கத்தியவர் திரும்பிப் போகவில்லை. ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை. அப்போதுதான் செபாஸ்தியம்மாளுக்கு உறைத்தது. வாத்தியார் போட்டிருந்ததும் அவள் தைத்த கால்சட்டைதான். அதே நூல், அதே காஜா.

"அக்கா," வாத்தியாரின் குரல் இறங்கிவிட்டது, "செத்த அந்தக் கத்தரிக்கோலக் குடுங்க."

அவள் எடுத்தாள். கொடுக்கவில்லை.

"அடுத்த வருசம் யாரு சார் தைக்கிறது?"

"நீங்கதான் தாயி! ஆயுசுக்கும் நீங்கதான்! குடுங்க!"

பதினோரு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவள்தான் தைத்தாள், சாதா நூலில். பொத்தான் விழுந்தது என்று வாத்தியார் ஒருநாளும் வாய் திறக்கவில்லை.