வேகாத பருப்பு

எங்கள் வீட்டில் ஒன்பது பேர். ஒருவருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது. அப்பா மாட்டோடு கத்துவார். சித்தப்பாக்கள் இரண்டு பேரும் அப்பாவோடு கத்துவார்கள். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, எல்லாரோடும் கத்துவாள். புருஷன் செத்தபின் எங்களோடு வந்து இருந்தவள் அவள். அடுப்படி அவள் கையில்தான். அம்மா மட்டும் கத்த மாட்டாள். அதற்குப் பதிலாக எங்களை அடிப்பாள். பிள்ளைகள் நால்வரில் நான் மூத்தவள் என்பதால் பெரிய பங்கு எனக்கு.

பொன்னமராவதிக்குக் கிழக்கே எங்கள் ஊர். கரண்டு வராத காலம். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதில் பருப்பு வேகாது. அதனால் தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மா பித்தளைக் குடத்தோடு ஊருணிக்குப் போவாள். நடந்தால் கால் மணி நேரம். அவள் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆகும்.

ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். குடத்தை நிரப்பிக் கரையில் வைத்துவிட்டு, நாவல் மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். யாரோடும் பேசவில்லை, தூங்கவும் இல்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவுதானா என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இன்று மனநிம்மதி வேண்டும் என்று எங்கெங்கோ ஓடுகிறார்கள். என் அம்மாவுக்கு ஒரு மரத்தடி போதும். அதற்கும் பருப்பைச் சாக்குச் சொல்ல வேண்டியிருந்தது, அப்படிப்பட்ட வீடு.

ஆனால் ஒன்றைக் கவனித்திருந்தேன். ஊருணிக்குப் போய்வந்த அம்மா அப்புறம் யாரையும் அடிக்க மாட்டாள். போக முடியாத நாளில் எங்கள் முதுகு பழுத்துவிடும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை வெளுத்து வாங்கியது. கிணறு நிறைந்தது, கரிப்பும் குறைந்தது. அத்தை விடுவாளா?

"தம்பி, கெணத்துத் தண்ணி இப்ப எளநி மாதிரி இருக்கு. இன்னமும் ஒம் பொண்டாட்டி எதுக்கு அங்கிட்டு நடக்குறா? போனா வர மனசு வரமாட்டேங்குது மகராசிக்கு. வேலையெல்லாம் எந்தலையில கெடக்கு."

"அதுல பருப்பு வேகாது அண்ணி," என்றாள் அம்மா.

"வேகுதா இல்லையான்னு நாளைக்குப் பாத்துருவோம்."

அப்பா சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல், "வெந்துட்டா இனிமே ஊருணிக்குப் போக வேணாம்," என்றார். அன்று என் தம்பிக்கு இரண்டு அறை விழுந்தது. எனக்கு நான்கு.

மறுநாள் காலையில் கிணற்றுத் தண்ணீரில் பருப்பை ஏற்றிவிட்டு, "வெறகைத் தள்ளிவிட்டுக்கிட்டு இருடி," என்று என்னிடம் சொல்லிவிட்டு அத்தை மாட்டுக்கொட்டகைக்குப் போனாள். புளி விழுந்தால் பருப்பு வேகாது என்பது எனக்குத் தெரியும். போன வாரம்தான் அவசரப்பட்டுப் புளியை ஊற்றி, இதே அத்தையிடம் காதைத் திருகக் கொடுத்திருந்தேன். எலுமிச்சங்காய் அளவு புளியை உருட்டிப் பானைக்குள் போட்டேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தது, பருப்பு அப்படியே கிடந்தது. அத்தையின் காலடி கேட்டதும் புளியை அகப்பையால் அரித்தெடுத்து அடுப்புக்குள் வீசினேன். வீடெல்லாம் கருகல் வாடை. அவ்வளவு புத்தி எனக்கு.

அத்தை ஒரு பருப்பை எடுத்து நசுக்கினாள். நசுங்கவில்லை. நாக்கில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

"கையை எடுடி கழுதை," என்றாள். அவ்வளவுதான்.

அப்பா வந்ததும், "வேகலை தம்பி, கல்லாக் கெடக்கு," என்றாள்.

"எங்க, காட்டு."

அதற்குள் பானையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கழுநீர்த் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள். "மனுசன் திங்கிறதா இது? மாடு திங்கட்டும்." பிறகு அம்மாவைப் பார்த்து, "ஏன் நட்டுவச்ச மாதிரி நிக்கிற? போயி ஊருணித் தண்ணி எடுத்துட்டு வா!" என்று கத்தினாள்.

அம்மா பெருமூச்சு விட்டது கூடத்தில் நின்ற எனக்கே கேட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள். எனக்கும் உயிர் வந்தது. இந்த ஊரையே ஏய்க்கும் அத்தையை நான் ஏய்த்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

நாலைந்து நாள் கழித்து, அம்மா ஊருணியிலிருந்து வந்ததும் அத்தை இன்னொரு குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள்.

"ஒரு கொடம் பத்தலை. நான் ஒரு நடை போயிட்டு வாரேன்."

எங்கள் வீட்டுக்கு வந்த ஆறு வருஷத்தில் அவள் ஊருணிப் பக்கமே போனதில்லை. வேவு பார்க்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். பொழுது இறங்கும் நேரத்தில் திரும்பி வந்தாள். குடத்தில் பாதிகூடத் தண்ணீர் இல்லை. அவளையே ஏய்த்துவிட்ட தைரியத்தில், அரைக் குடத்துக்கு இவ்வளவு நேரமா என்று கேட்க வாயைத் திறந்தேன்.

அம்மா பின்னாலிருந்து என் வாயைப் பொத்தினாள். அப்புறம் போய் அத்தையின் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கி இறக்கி வைத்தாள்.

நியாயமான ஒரு கேள்வியைக் கேட்கவிடவில்லையே என்று அம்மாமேல் எனக்கு ஒரு வாரம் கோபம் தீரவில்லை.